வேகமானியும் தூரமானியும் சட்டமும்

மோட்டார் வண்டியொன்றைச் செலுத்துவோன் கண்ணெதிரே இரு மானிகள் அமைந்துள்ளன. வண்டி இக்கணத்தில் என்ன வேகத்திற் செல்கின்றது என்பதைக் காட்டுவது ஒன்று. அது தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாள் தொட்டு இதுகாறும் எவ்வளவு தூரம் ஓடியுள்ளது என்பதைக் காட்டுவது மற்றொன்று. முன்னையதை வேகமானி என்றும் பின்னையதைத் தூரமானி என்றும் ஈண்டு வழங்குவாம். (கதிக்கும் வேகத்துக்கும் வேறுபாடு கற்பிக்கும் பௌதிகவியலார் முன்னையதைக் கதிமானி எனவே கூற விரும்புவர். அவர் கூற்று முறையானதே. எனினும் வழக்கு நோக்கி அச்சொல்லை விடுத்தோம்.) இவ்விரண்டும் ஒரே சில்லின் சுழற்சியைக் கணக்கிட்டுப் பெறும் விடைகளேயாயினும், அவற்றின்பாற் சட்டம் கொண்டுள்ள நோக்கு பெரிதும் வேறுபட்டது. வேகமானி ஓரளவு பொய்யுரைப்பதைச் சட்டம் பொறுத்துக்கொள்கின்றது. தூரமானி பொய்யுரைக்குமாயின், அதனை அவ்வாறு உரைப்பித்தவனைச் சிறைக்கும் அனுப்புகின்றது. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது என்பதையும், மைல், கிலோமீற்றர் என்னும் இருவகை அலகுகள் இவ்விடயத்தை எங்ஙனம் சிக்கலாக்கின என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இவ்விரண்டனுள் மூத்தது தூரமானியே. கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தாம் எழுதிய கட்டடக்கலை நூலின் பத்தாம் பகுதியில் இத்தகைய கருவியொன்றை விவரித்துள்ளார். தேர்ச்சில்லு நானூறு முறை சுழன்றால் ஐயாயிரம் அடி கடக்கப்படும். அஃது ஓர் உரோம மைல். அவ்வளவு சுழற்சி முடிந்ததும் பற்சில்லுகளின் துணையால் ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் விழும். மாலையிற் கற்களை எண்ணினால் அன்று சென்ற மைல்களின் தொகை கிடைக்கும். இக்காலத் தூரமானியின் அடிப்படையும் இதுவே. கூழாங்கல்லின் இடத்தை முதலில் எண்ணுருளையும், பின்னர் மின்னணு நினைவகமும் பெற்றன என்பதே வேறுபாடு.

வேகமானியோ மிகவும் இளையது. 1902 ஆம் ஆண்டில் ஒற்றோ சூல்ற்சே என்னும் யேர்மானியப் பொறியியலாளர் உரிமைப்பத்திரம் பெற்ற அமைப்பே, அந்நூற்றாண்டின் பெரும் பகுதியில் உலகெங்கும் வழங்கியது. கியர்ப்பெட்டியிலிருந்து வரும் வளையுங் கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்றும். அக்காந்தத்தைத் தொடாது சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழிப்பு மின்னோட்டங்கள் பிறக்கும். அவற்றால் கிண்ணம் காந்தத்தோடு சேர்ந்து திரும்ப முயலும்; மெல்லிய சுருள்வில்லொன்று அதனைத் தடுத்து நிறுத்தும். காந்தம் விரைந்து சுழலுந்தோறும் இழுப்பு விசை மிகும். கிண்ணத்தோடு பொருத்திய முள்ளும் அதற்கேற்ப நகரும். காந்தம் நாட்பட வலி குன்றும்; வில் தளரும்; வெப்பநிலை மாறினால் அலுமினியத்தின் மின்தடையும் மாறும். ஆதலின் இக்கருவி பிழையற்றதாய் இருத்தல் இயலாதென்பது அதனை ஆக்கியோருக்கும் தெரியும், சட்டம் இயற்றியோருக்கும் தெரியும்.

வேகத்துக்கு எல்லை விதித்த சட்டம், அவ்வேகத்தை அளக்குங் கருவியை நெடுங்காலம் கேட்கவில்லை என்பது வியப்புக்குரியது. இங்கிலாந்தில் 1865 ஆம் ஆண்டுச் சட்டம் தானே இயங்கும் வண்டிகளுக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும் நகர்ப்புறத்தில் 2 மைலும் எல்லையாக விதித்தது. செங்கொடி ஏந்திய ஒருவன் முன்னே நடந்துசெல்ல வேண்டியிருந்த அக்காலத்தில் வேகமானிக்குத் தேவையில்லை, நடப்பவனே வேகமானி! 1903 ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையை 20 மைலாக உயர்த்தியது. 1930 ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கிருந்த அவ்வெல்லையையும் நீக்கிற்று. ஆயின் விபத்துகள் பெருகவே, 1935 ஆம் ஆண்டு மாச்சு மாதம் முதல் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்னும் எல்லை நடைமுறைக்கு வந்தது. இதன் பின்னரே, 1937 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதிக்குப் பின் முதன்முதற் பாவனைக்கு வரும் வண்டிகள் வேகமானி உடையனவாய் இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட பழைய கார்கள் இன்றும் அந்நாட்டில் வேகமானியின்றி ஓடலாம். எனினும் வேக எல்லை அவற்றையும் கட்டுப்படுத்தும்.

பிரித்தானியாவில் நிலவும் 1986 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் மனித இயல்பை உணர்ந்து எழுதிய பகுதியொன்றுண்டு. வேகமானி எப்பொழுதும் நன்னிலையிற் பேணப்படல் வேண்டும். சாரதி அதனை எளிதிற் காணத் தடையாக எதுவும் இருத்தலாகாது. ஆனால் பயணத்தின் நடுவே அது பழுதுற்றிருப்பின், அல்லது பழுதினைத் திருத்துவதற்கு இயன்ற விரைவில் ஏற்பாடு செய்யப்பட்டிருப்பின், அது தக்க எதிர்வாதமாக ஏற்கப்படும். இச்சலுகை மானியைப் பேணவில்லை என்னுங் குற்றச்சாட்டுக்கே பொருந்தும். ‘என் மானி குறைத்துக் காட்டிற்று, ஆகவே நான் அறியாது விரைந்தேன்’ என்று வேக எல்லையை மீறியவன் கூறுவானாயின், அது அவனைக் காவாது.

இனி, எவ்வளவு பிழையைப் பொறுத்தல் தகும் என்னும் வினாவுக்கு வருவாம். பழைய விதிகள் பெரும்பாலும் இருபுறமும் நூற்றுக்குப் பத்து வீதம் என்று அளவு வகுத்தன. அவுஸ்திரேலியாவிலும் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் இவ்வளவே நெடுங்காலம் நிலவிற்று. பார்வைக்கு நடுநிலையானதாகத் தோன்றும் இவ்விதியில் ஒரு குறை மறைந்திருந்தது. முள் 60 இல் நிற்க, வண்டியோ ஏறத்தாழ 67 கிலோமீற்றர் வேகத்திற் செல்லக்கூடும். கருவி சட்டத்துக்கு அமைந்தது. சாரதி கருவியை நம்பினான். ஆயினும் அவன் குற்றவாளி. சட்டத்தின் ஒரு கை அனுமதித்ததை மறு கை தண்டிக்கும் இந்நிலை நியாயமானதன்று.

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் கீழ், 1958 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் வழியே 1978 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த 39 ஆம் இலக்க ஒழுங்குவிதி இதற்குத் தெளிவான தீர்வு கண்டது. மானி காட்டும் வேகம் உண்மை வேகத்திலும் எஞ்ஞான்றும் குறைந்திருத்தலாகாது. கூடியிருக்கலாம், அதற்கும் எல்லையுண்டு. உண்மை வேகத்தின் பத்திலொரு பங்கோடு மணிக்கு 4 கிலோமீற்றரைக் கூட்டி வரும் தொகையே அவ்வெல்லை. கார்களை 40, 80, 120 கிலோமீற்றர் ஆகிய வேகங்களிற் சோதிப்பர். உண்மையில் 40 இல் ஓடும் கார் 40 முதல் 48 வரை காட்டலாம். 80 இல் ஓடுவது 92 வரையும், 120 இல் ஓடுவது 136 வரையும் காட்டலாம். இதனை மறுதலையாய் நோக்கினால், முள் 100 இல் நிற்கும்போது வண்டியின் உண்மை வேகம் 87 க்குச் சிறிது மேற்பட்ட அளவிலிருந்து 100 வரை எதுவாகவும் இருக்கலாம். அவுஸ்திரேலியாவும் 2006 ஆம் ஆண்டு யூலை முதல் புதிய மாதிரிகளுக்கு இந்நெறியைக் கைக்கொண்டது.

காரின் மானி 100 எனக் காட்ட, மடியிலிருக்குங் கைத்தொலைபேசி 95 எனக் காட்டுவதை மாணவர் பலர் கண்டிருப்பர். தொலைபேசி செய்மதிகளைக் கொண்டு கணக்கிடுகின்றது; சீரான வேகத்தில் நேர்வீதியிற் செல்லும்போது அது கூறுவதே பெரும்பாலும் உண்மைக்கு அண்மையது. கார் உற்பத்தியாளர் அறிந்தே சேர்த்த மிகை அது. அவர் ஏன் சேர்க்கின்றார்? மானி எண்ணுவது சில்லின் சுழற்சியை மட்டுமே. ஒவ்வொரு சுழற்சியிலும் வண்டி எவ்வளவு நகர்கின்றது என்பதை அது காணாது. புதிய ரயரின் விட்டம் 600 மில்லிமீற்றர் என்போம். அதன் மேற்பரப்பிலுள்ள பள்ளங்களின் ஆழம் 8 மில்லிமீற்றர். ஐரோப்பாவிற் சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த ஆழமாகிய 1.6 மில்லிமீற்றர்வரை தேய்ந்தால், விட்டம் 12.8 மில்லிமீற்றர் குறையும். அஃதாவது, நூற்றுக்கு ஏறத்தாழ 2 வீதம். தேய்ந்த ரயர் அதே தூரத்துக்கு மிகுதியாகச் சுழலும். மானி மிகுதியாகக் காட்டும். புதிய ரயர் பூட்டினாலோ காட்டும் அளவு குறையும். காற்றழுத்தமும் சுமையும் இதனைச் சிறிது மாற்றும். உரிமையாளர் சற்றுப் பெரிய ரயரைப் பூட்டினால் இன்னும் குறையும். இவற்றுள் எது நேர்ந்தாலும் முள் உண்மைக்குக் கீழே இறங்கலாகாது என்பது விதியாதலின், உற்பத்தியாளர் முற்காப்பாகச் சில கிலோமீற்றரைக் கூட்டியே வைக்கின்றார்.

இதனைக் குறைகூறுவோர் உளர். அளவுகருவி என்றால் அது உண்மையை உரைத்தல் வேண்டும். நன்மைக்காகவேனும் பொய்யுரைக்கும் கருவியை மாணவனிடத்து எவ்வாறு அறிவியலென்று காட்டுவது என்பர். எமது கருத்து வேறு. பிழை தவிர்க்கவொண்ணாதது எனின், அதனை எவ்விடத்தில் விழவிடுவது என்பதைத் தீர்மானிப்பது அறிவியலுக்கும் சட்டத்துக்கும் பொதுவான கடமை. முள் மிகைத்துக் காட்டினால் சாரதி சில நிமிடங்களை இழப்பான். குறைத்துக் காட்டினால் வீதியைக் கடக்கும் பிறனொருவன் உயிரையே இழக்கலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று.

ஆனால் இம்மிகை வேகமானியிலேயே நின்றுவிடல் வேண்டும். தூரமானிக்குள் கசிந்தால் அங்கே காசு பறிபோகும். காரின் உத்தரவாதம் இத்தனை மைலுக்கு என எழுதப்படுகின்றது. குத்தகைக்கு எடுத்த காருக்கு எல்லைக்கு மேற்பட்ட ஒவ்வொரு மைலுக்கும் பணம் அறவிடப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் ஹொண்டாக் கம்பனி 2002 முதல் 2006 வரை விற்ற கார்களின் தூரமானிகள் ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டின என்று வழக்குத் தொடரப்பட்டது. முடிவில், ஏறத்தாழ 60 இலட்சம் வண்டிகளின் உத்தரவாதத் தூரத்தை நூற்றுக்கு 5 வீதம் கூட்டிக்கொடுக்க அக்கம்பனி இணங்கிற்று. ஒரு காருக்குச் சிறிய பிழை. அறுபது இலட்சம் காருக்குப் பெருந்தொகை.

தூரமானியின் வரலாற்றிற் பெருந்தீமை கருவியாற் பிறந்ததன்று, மனிதராற் பிறந்தது. பழைய காரின் விலையை நிருணயிக்கும் காரணிகளுள் முதன்மையானது அது ஓடிய தூரம். வர்ணத்தைப் புதுக்கலாம், இருக்கைக்கு உறையிடலாம். பொறியின் உள்ளே தேய்ந்ததை வாங்குபவன் கண்ணாற் காண இயலாது. அவனுக்குள்ள சாட்சி அந்த ஐந்தாறு இலக்கங்களே. எண்ணுருளைகள் இருந்த காலத்தில் அவற்றைக் கழற்றியோ ஊசி கொண்டு நெம்பியோ பின்னோக்கித் திருப்பினர். மின்னணுக் காலத்தில் இவ்வேலை கடினமாகும் என எதிர்பார்த்தனர், நிகழ்ந்ததோ எதிர்மாறு. சிறு கருவியொன்றை இணைத்துச் சில நிமிடங்களில் நினைவகத்திலுள்ள எண்ணை மாற்றிவிடுகின்றனர். திருகாணியிற் கீறல் கூட எஞ்சுவதில்லை.

இதனை எதிர்த்துச் சட்டத்தை மிக விரிவாக எழுதிய நாடு ஐக்கிய அமெரிக்கா. 1972 ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பேரவை இயற்றிய மோட்டார் வாகனத் தகவல், செலவுச் சேமிப்புச் சட்டத்தின் நான்காம் பகுதி முழுவதும் தூரமானி பற்றியதே. எண்ணை மாற்றும் நோக்குடன் தூரமானியைக் கழற்றுதல், பின்னோக்கித் திருப்புதல், திரித்தல் யாவும் குற்றம். அதனைப் பொய்யாக எண்ணச் செய்யுங் கருவியை விற்பதும் குற்றம். ஏமாற்றும் நோக்குடன், கழற்றப்பட்ட தூரமானியோடு வண்டியை வீதியில் ஓட்டுவதும் குற்றம். மானி உண்மையிலேயே பழுதடைந்தால் என் செய்வது? திருத்தலாம், ஆனால் எண் முன்னிருந்தபடியே இருத்தல் வேண்டும். அஃது இயலாதாயின் பூச்சியத்தில் வைத்து, முன்னிருந்த எண்ணையும் திருத்திய திகதியையும் எழுதிய அறிவித்தலை இடப்புறக் கதவின் சட்டத்தில் ஒட்டுதல் வேண்டும். அவ்வறிவித்தலைக் கிழிப்பதும் தனிக் குற்றமே. இத்துணை நுணுக்கத்தை நோக்கின், இதனை எழுதியோர் பழைய கார் வணிகத்தின் பட்டறைப் பின்புறத்தை நன்கறிந்தவர் என்றே எண்ணத் தோன்றுகின்றது.

கைமாறும்போது விற்பவன் எண்ணை எழுதிக் கையொப்பமிடல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் முக்கியமான கூறு. அதில் அவனுக்கு மூன்று நிலைகள் உண்டு: எண் உண்மையானது, அல்லது மானியின் எல்லை கடந்துவிட்டது, அல்லது எண் உண்மையானதன்று. இரண்டாவது நிலைக்கு விளக்கம் வேண்டும். ஐந்து இலக்கத் தூரமானி 99,999 மைலுக்குப் பின் மீண்டும் பூச்சியமாகும். 20,000 எனக் காட்டும் வண்டி உண்மையில் 120,000 மைல் ஓடியதாக இருக்கலாம். யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் உழைத்த ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை அறிந்தவர்க்கு இது புதிதன்று. எத்தனை முறை சுற்றி வந்ததென்று உரிமையாளரே அறியாத மானிகள் அவை.

1986 ஆம் ஆண்டில் இயற்றிய மற்றொரு சட்டம், இவ்வாக்குமூலத்தை உரிமைப்பத்திரத்திலேயே எழுத வேண்டுமென வலியுறுத்திற்று. அறிந்து வேண்டுமென்றே குற்றம் செய்தவனுக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஏமாற்றப்பட்டவன் வழக்குத் தொடுத்தால், இழப்பின் மும்மடங்கு அல்லது 10,000 டொலர், இவற்றுட் கூடியதைப் பெறலாம். முன்னர் பத்தாண்டு கடந்த வண்டிக்கு இவ்வாக்குமூலம் வேண்டியதில்லை என்றிருந்தது. கார்களின் ஆயுள் நீண்டமையால், 2011 ஆம் ஆண்டு மாதிரி முதற்கொண்டு அது இருபதாண்டாக உயர்த்தப்பட்டு, 2021 ஆம் ஆண்டு யனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இத்துணையும் இருந்தும், ஆண்டொன்றுக்கு 450,000 க்கு மேற்பட்ட வண்டிகள் பொய்யான எண்ணுடன் விலைப்படுகின்றன என அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் மதிப்பிட்டுள்ளது.

தெருமுனைத் தரகரே இக்குற்றத்தைச் செய்வர் என்று எண்ணுதல் தவறு. 1987 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கிறைஸ்லர்க் கம்பனியே குற்றஞ்சாட்டப்பட்டது. அதன் அதிகாரிகள் புதிய கார்களைத் தூரமானி கழற்றிய நிலையில் ஓட்டிப் பார்த்தபின், அவை புதியனவாகவே விற்கப்பட்டன. 60,000 க்கு மேற்பட்ட கார்கள் இவ்வாறு சென்றன. கம்பனியின் தலைவர் லீ அயகொக்கா பத்திரிகையாளர் முன் தோன்றி அச்செயல் மடமையானது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதே நாடு வேகமானியிற் செய்த ஒரு சோதனை சிறிது நகைப்புக்குரியது. 1973 ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியை அடுத்து நாடெங்கும் மணிக்கு 55 மைல் எல்லையாயிற்று. 1979 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல், கார்களின் வேகமானி 85 மைலுக்கு மேற் காட்டலாகாது என்றும், 55 என்னும் எண் தனித்துத் தோன்றல் வேண்டும் என்றும் விதித்தனர். முகப்பில் எண் இல்லையெனின் விரையும் ஆசையும் இராது என்பது எண்ணம் போலும். பொறி பழையபடியே இருந்தது. முள் மட்டும் 85 இல் முட்டி நின்றது. 1982 ஆம் ஆண்டில் அவ்விதி நீக்கப்பட்டது.

ஐரோப்பிய நாடுகளுள் யேர்மனி 2005 ஆம் ஆண்டில் தூரமானியைத் திரித்தலை ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கிற்று. இங்கிலாந்தில் எண்ணை மாற்றுதல் தன்னளவிற் குற்றமன்று. மாற்றியதை மறைத்து விற்பதே குற்றம். இவ்வேறுபாடு வழக்கறிஞருக்கு உவப்பாகலாம்; வாங்குபவனுக்கு அதனாற் பயன் சிறிது. இவற்றினும் எமக்குச் சிறந்ததாகத் தோன்றுவது பெல்ஜியத்தின் வழி. 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காரைத் திருத்தும் ஒவ்வொரு பட்டறையும் அன்றைய எண்ணைப் பொதுப் பதிவேட்டுக்கு அறிவித்தல் வேண்டும். விற்பவன் அப்பதிவுகளின் வரிசையை எழுத்திற் கொடுத்தல் வேண்டும். சென்ற ஆண்டு 90,000 ஆக இருந்தது இவ்வாண்டு 60,000 ஆவது எங்ஙனம் என்று தாளே கேட்டுவிடும். தண்டனையின் அச்சம் பிடிபடுவோம் என்று எண்ணுபவனையே தடுக்கும். பதிவேடோ எல்லோரையும் தடுக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஆம் ஆண்டில் விடுத்த பணிப்புரையும், வண்டியைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் தூரமானியின் எண்ணைக் குறித்தல் வேண்டும் என்கின்றது.

இனி அலகுகள். உரோமரின் மைல் ஐயாயிரம் அடி. ஆங்கிலேயர் தம் நிலவளவைக்குரிய பேர்லாங்கு எட்டுக் கொண்டது ஒரு மைலென 1593 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வகுத்தமையால் அது 5,280 அடியாயிற்று. 1959 ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி ஆங்கிலம் பேசும் நாடுகள் யாரின் அளவை ஒன்றாக்கவே, மைல் 1,609.344 மீற்றர் என நிலைபெற்றது. எமது மக்கள் மைலைக் ‘கட்டை’ என வழங்கினர். வீதியோரத்து மைற்கல்லே அளவுக்குப் பெயரானது. கிலோமீற்றர் வந்து பல்லாண்டுகளாகியும், ஊர்ப் பெயர்களில் அக்கட்டைகள் அசையாது நிற்கின்றன.

அவுஸ்திரேலியா 1974 ஆம் ஆண்டு யூலையில் வீதிப்பலகைகளைக் கிலோமீற்றருக்கு மாற்றியது. அயர்லாந்து தன் வேக எல்லைகளை 2005 ஆம் ஆண்டு யனவரி 20 ஆந் திகதி மாற்றிற்று. வடஅயர்லாந்தோ பிரித்தானியாவுடன் மைலிலேயே இருக்கின்றது. எல்லையைக் கடக்கும் சாரதி தன் முன்னுள்ள பலகை எந்த அலகிற் பேசுகின்றதென அறிந்தே செல்ல வேண்டும். இத்தகைய தேவை கருதியே, 1984 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி தொட்டுப் பாவனைக்கு வரும் வண்டிகளின் வேகமானி இரு அலகிலும் காட்ட வல்லதாய் இருத்தல் வேண்டுமெனப் பிரித்தானிய விதி கூறுகின்றது. இரண்டும் ஒருங்கே தோன்றலாம், அல்லது ஆளியால் மாற்றிக்கொள்ளலாம்.

வேகமானியில் அலகு மயங்கினால் சாரதி ஒரு நாளில் உணர்ந்துகொள்வான். தூரமானியில் மயங்கினால் எவரும் உணரார். ஏனெனில் அங்கே இருப்பது வெறும் எண். அமெரிக்க விதி இதனை ஒருவாறு எதிர்நோக்கியுள்ளது. தூரமானி கிலோமீற்றரில் எண்ணுமாயின் ‘கிலோமீற்றர்’ என்பது அதில் எழுதப்படல் வேண்டும். மைலில் எண்ணுமாயின் எதுவும் எழுத வேண்டியதில்லை. அந்நாட்டில் மைலே இயல்பாதலின் அங்கு அது பொருந்தும். ஆனால் எழுத்தில்லாத அம்மானி கிலோமீற்றர் வழங்கும் நாட்டை அடைந்தால், 60,000 மைல் ஓடிய கார் 60,000 கிலோமீற்றர் ஓடியதாகவே மதிக்கப்படும். உண்மையில் அது ஓடியது 96,561 கிலோமீற்றர். எவரும் எண்ணைத் தொடவில்லை, எவரும் பொய் கூறவில்லை. இருந்தும் வாங்கியவன் முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர்த் தேய்வை அறியாது விலைக்கு வாங்கினான்.

இங்கிலாந்திலிருந்து வந்த பழைய காரொன்றை இங்கு வாங்க நினைப்பவர் இதனை ஐயமறச் சோதிக்க எளிய வழியுண்டு. கிலோமீற்றர்க் கற்கள் ஒழுங்காக நாட்டப்பட்ட வீதியில் ஒரு கல்லருகே நின்று தூரமானியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பத்தாவது கல் வரை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். எண் 10 கூடியிருப்பின் அது கிலோமீற்றர் மானி. 6 கூடியிருப்பின் அது மைல் மானி.